சௌ நடனக் குழுக்களும் கிராம வாழ்வும்

தொழில் நிமித்தமாகக் கிழக்கு இந்தியாவில் குடியேறிய தமிழ் மக்களுள் ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, கரக்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களில் வாழ்வோர் பலர். இரும்பாலையிலும் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருபவர்கள் அவர்கள். இந்நகரங்களுக்கு இடையே செம்மண் மேடுகளும் சால மரக் காடுகளும் நிறைந்த ஒரு நிலப்பரப்பு உண்டு. சித்திரை பிறக்கும் காலத்தில் அங்குள்ள ஊர்களில் இரவு முழுவதும் பெருமுரசின் ஒலி கேட்கும். அவ்வொலிக்கு ஆடப்பெறும் கூத்தே சௌ நடனம்.

சௌ நடனத்தின் அழகைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அந்நடனத்தை நடத்தும் குழுக்களைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆடுபவன் ஒருவன், அவனுக்குக் கற்பிப்பவன் ஒருவன், முரசு கொட்டுபவன் ஒருவன், முகமூடி செய்பவன் ஒருவன். இவர்கள் அனைவரையும் ஒன்றுசேர்த்து, உணவளித்து, ஊர் ஊராக அழைத்துச் சென்று, கிடைத்த பொருளைப் பங்கிட்டுக் கொடுப்பவன் மற்றொருவன். அந்தக் கடைசி மனிதனின் கையிருப்பு எங்கிருந்து வந்தது? அது காலந்தோறும் எவ்வாறு மாறியது? அம்மாற்றத்தால் கிராமம் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவற்றையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

சௌ நடனம் மூவகைப்படும். ஜார்க்கண்டு மாநிலத்தில் கர்க்கை ஆற்றங்கரையில் உள்ள செரைகேலாவில் ஆடப்பெறுவது ஒன்று. ஒடிசாவில் பாரிபதா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மயூர்பஞ்சில் ஆடப்பெறுவது மற்றொன்று. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் ஆடப்பெறுவது மூன்றாவது. செரைகேலாவிலும் புருலியாவிலும் முகமூடி அணிந்து ஆடுவர். மயூர்பஞ்சில் முகமூடி இல்லை. 'சௌ' என்னும் பெயர் நிழலைக் குறிக்கும் 'சாயா' என்பதிலிருந்து வந்தது என்பர் சிலர். படை வீட்டைக் குறிக்கும் 'சாவ்னி' என்பதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும், வாளும் கேடயமும் ஏந்திச் செய்யும் பயிற்சி இந்நடனத்துக்கு அடிப்படையாக இருப்பதை நோக்கும்போது, போர்வீரர் களரிக்கும் இதற்கும் உள்ள உறவை எவரும் மறுக்க இயலாது.

போர்ப் பயிற்சியோடு வீட்டு வேலையும் இதில் கலந்துள்ளது என்பது வியப்புக்குரியது. மயூர்பஞ்ச் சௌவில் 'உப்லி' எனப்படும் அடிப்படை அசைவுகள் உண்டு. சாணம் கரைத்தல், பாத்திரம் துலக்குதல், மஞ்சள் அரைத்தல், நெல் குற்றுதல், தலையில் வகிடு எடுத்தல் முதலிய அன்றாடச் செயல்களே அவ்வசைவுகளாக அமைந்துள்ளன. அவற்றுட் பலவற்றைக் காலாலேயே காட்ட வேண்டும். ஆடவர் மட்டுமே ஆடி வந்த ஒரு நடனத்தில் பெண்டிரின் உழைப்பு இவ்வாறு இடம்பெற்றிருக்கிறது. உழவர் வீட்டு முற்றத்தில் பிறந்த கலை இஃது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, குழுக்கள் நடைபெற்ற முறையைக் காண்போம். சுதந்திரத்துக்கு முன்னர் செரைகேலாவும் மயூர்பஞ்சும் சமஸ்தானங்களாக விளங்கின. மயூர்பஞ்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மகாராஜா கிருஷ்ண சந்திர பஞ்ச தேவ் காலத்தில் இக்கலை அரண்மனையின் நேரடி ஆதரவைப் பெற்றது. பாரிபதாவில் வடக்குத் தெருக் குழு, தெற்குத் தெருக் குழு என இரு குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றையும் அரச குடும்பத்தார் மேற்பார்த்தனர். செலவு அரண்மனைக் கருவூலத்தைச் சார்ந்தது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் இவ்விரு குழுக்களும் போட்டியிடும். ஒரு குழு பயிற்சி செய்யும் புதிய ஆட்டத்தை மறு குழு அறியாதவாறு காத்துக்கொள்ளும். நகரமே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். இப்போட்டியே கலையை வளர்த்த உரம் என்று கூறுவது மிகையாகாது.

1912-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொல்கத்தாவுக்கு வந்தபோது, மகாராஜா ஸ்ரீராம சந்திர பஞ்ச தேவ் அனுப்பிய மயூர்பஞ்ச் குழு அவர்முன் போர் நடனம் ஆடிக் காட்டியது. செரைகேலாவிலோ அரச குடும்பத்தினரே முகமூடி அணிந்து ஆடினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த விஜய பிரதாப சிங் தேவ் ஆட்டங்களைச் செப்பம் செய்து, 1938-ஆம் ஆண்டில் குழுவொன்றை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு சிறிய சமஸ்தானத்தின் பெயர் கடல் கடந்து பேசப்பட்டது அந்நடனத்தாலேயே.

அரசர் காலத்து ஏற்பாட்டில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. ஆசானுக்கு வாழ்வு கிடைத்தது. ஆடுபவனுக்கு உடையும் அணியும் கிடைத்தன. முகமூடி செய்பவனுக்கு ஆண்டுதோறும் வேலை கிடைத்தது. ஆனால் குழுவை நடத்தும் கலையை ஊர் கற்றுக்கொள்ளவில்லை. கணக்கும் திட்டமும் அரண்மனைக்குள் இருந்தன. கருவூலம் மூடப்பட்டால் குழுவும் முடங்கும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்நாள் விரைவில் வந்தது. செரைகேலா 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரிசாவோடு இணைக்கப்பெற்று, அதே ஆண்டு மே மாதத்தில் பீகாருக்கு மாற்றப்பெற்றது. மயூர்பஞ்ச் 1949 ஜனவரி முதல் தேதியன்று ஒரிசாவோடு இணைந்தது. மன்னராட்சி முடிந்து மக்களாட்சி மலர்ந்தது. அம்மாற்றம் நாட்டுக்கு நன்மை; ஆயினும் சௌ குழுக்களுக்கு அது பெருஞ் சோதனையாயிற்று. உடைக்கும் அணிக்கும் ஆசானுக்கும் இனி யார் பொருள் தருவது என்ற கேள்வி எழுந்தது.

இரு ஊர்களும் இக்கேள்விக்கு அளித்த விடை அரசாங்க உதவியோடு கூடிய நிலையம் என்பதே. செரைகேலாவில் அரசு சௌ நடனக் கலை மையம் ஏற்பட்டது. ஒரு காலத்தில் அதன் தலைவராக விளங்கிய கேதார்நாத் சாகு என்னும் ஆசானுக்கு 2005-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாரிபதாவில் சௌ நிருத்திய பிரதிஷ்டானம் என்னும் அமைப்பு அரசின் மானியத்தோடு சித்திரை விழாவை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பழைய வடக்குத் தெருக் குழுவும் தெற்குத் தெருக் குழுவும் அழியாமல், மன்னர் இல்லாத காலத்திலும் போட்டியைத் தொடர்ந்தன. தெருவின் பெருமை அரண்மனையின் பெருமையைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையது போலும்.

புருலியாவின் வரலாறு வேறு. அங்கும் பாக்முண்டி முதலிய சிறு ஜமீன்களின் ஆதரவு இருந்ததுண்டு. எனினும், அந்நடனத்தின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் கிராம மக்களே. மகதோ, முரா, பூமிஜ் முதலிய உழவர், பழங்குடியினர் ஆடுவர். டோம் வகுப்பினர் 'தம்சா' என்னும் பெருமுரசும் டோலும் முழக்குவர். சூத்திரதர் என்னும் தச்சர் வகுப்பினர் முகமூடி செய்வர். பழைய மான்பூம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகிய இப்பிரதேசம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று பீகாரிலிருந்து பிரிந்து மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது. மழை குறைந்த மேட்டு நிலம் அது. ஒரு போகம் நெல் விளைந்தால் அதுவே பெரிது. அறுவடை முடிந்ததும் இளைஞர்கள் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு.

இவ்வறுமையே நடனத்தின் காலத்தையும் வகுத்தது. சித்திரை பிறக்கும் நாளில் சிவபெருமானுக்கு எடுக்கும் விழாவில் ஆட்டம் தொடங்கும். வைகாசியில் 'ரோகின்' எனப்படும் விதைப்பு நாள் வரும்வரை அது ஊர் ஊராக நடைபெறும். வயலில் வேலையில்லாத அந்த மாதங்களில் உழவன் இராவணனாகவும் கார்த்திகேயனாகவும் மகிஷாசுரனாகவும் ஆகிறான். விதைப்புக்கு மழை வந்தால் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏரைப் பிடிக்கிறான். ஆட்டமும் உழவும் ஒன்றையொன்று இடறாதபடி முன்னோர் இக்காலத்தை வரையறுத்தனர்.

புருலியாக் குழுவின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குவோம். நம்முடைய வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கூத்தில் குழுவை 'ஜமா' என்கிறோம். அங்கே 'தளம்' என்கின்றனர். கூத்தில் வாத்தியார், அங்கே உஸ்தாத். கூத்தில் ஊரார் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து ஆட்டத்தை உறுதி செய்வர். அங்கே அவ்வாறே முன்பணம் கொடுத்து 'பாய்னா' செய்வர். உஸ்தாத் ஆட்டத்தைக் கற்பிப்பார். பல குழுக்களில் அவரே முக்கிய வேடம் தாங்குவார். பாய்னா பேசுவதும், வண்டி அமர்த்துவதும், கணக்கு வைப்பதும் மேலாளரின் பொறுப்பு. ஆடுவோர், வாத்தியக்காரர், உடை உடுத்த உதவுவோர் எல்லாரும் சேர்ந்து இருபது முப்பது பேர் இல்லாமல் குழு நடைபெறாது. முதலில் விநாயகர் களத்தில் தோன்றுவார். பிறகு இராமாயண பாரதக் கதைகளும் புராணக் கதைகளும் தொடரும். ஒரே இரவில் ஒரே களத்தில் இரு குழுக்களை மோதவிட்டுப் பார்ப்பது கிராமத்தாருக்குப் பெருவிருப்பம்.

இக்குழுவின் வரவுசெலவில்தான் சிக்கல் இருக்கிறது. செலவு முன்னே வருகிறது. வரவு பின்னே வருகிறது. ஆட்ட காலம் தொடங்குமுன்பே முகமூடிகளும் சரிகை உடைகளும் வாங்கியாக வேண்டும். காகிதத்தாலும் துணியாலும் ஆன முகமூடிகள் வியர்வையாலும் குட்டிக்கரணங்களாலும் விரைவில் பழுதாகின்றன. முரசுக்குத் தோல் மாற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் கையில் பணம் இல்லாத குழு கடன் வாங்கும். ஆட்டத்தில் வந்த பணம் வட்டிக்குப் போகும். ஆடியவன் வீட்டுக்குக் கொண்டு செல்வது வெறுங்கையும் ஊரார் புகழுமே. இந்நிலையில் இளைஞன் ஒருவன், புகழால் அடுப்பு எரியாது என்று எண்ணி, செங்கற்சூளைக்குப் புறப்பட்டால் அவனைக் குறை கூற முடியுமா? சௌ குழுவின் உண்மையான பகை திரைப்படமும் தொலைக்காட்சியும் மட்டும் அன்று. இந்த முன்பணமில்லாத நிலையும் ஆகும்.

வெளியுலகம் புருலியா சௌவை அறிந்தது 1960-களுக்குப் பின்னரே. கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய ஆசுதோஷ் பட்டாசாரியர் கிராமம் கிராமமாகச் சென்று இந்நடனத்தை ஆராய்ந்து எழுதினார். குழுக்களை டில்லிக்கு வரவழைத்தார். 1972-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கும் அழைத்துச் சென்றார். மாடு மேய்த்து வளர்ந்த கம்பீர் சிங் முரா என்னும் ஒப்பற்ற ஆட்டக்காரருக்கு 1981-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மூவகைச் சௌ நடனங்களையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்புகழ் குழுக்களுக்குப் புதிய வருவாயைக் கொண்டுவந்தது. கூடவே ஒரு புதிய கேள்வியையும் கொண்டுவந்தது. கிராமத்துக் களத்தில் விடியுமளவும் ஆடும் ஆட்டத்தை, நகர மேடையில் அரைமணிக்குள் ஆடி முடிக்கச் சொல்கின்றனர். நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக் களம் ஒருபுறம் மட்டும் நோக்கும் மேடையாகிறது. விமானத்திலோ ரயிலிலோ செல்வதற்குப் பதினைந்து பேரே போதும் என்கின்றனர். அப்போது விடுபடுகிறவர் யார்? பெரும்பாலும் இரண்டாவது முரசுக்காரரும் வயது முதிர்ந்தவரும் கற்றுக்கொள்ளும் சிறுவனுமே. சிறுவன் உடன் செல்லாவிட்டால் அடுத்த தலைமுறை எவ்விடத்தில் கற்கும்? குழுவை நடத்துபவரின் தகுதி இத்தகைய இடங்களிலேதான் வெளிப்படுகிறது. வெளியூர்ப் பணத்தைப் பெறுவதும் வேண்டும். உள்ளூர் இரவைக் காப்பதும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யும் மேலாளரே குழுவின் உண்மையான காவலர்.

இவ்வகையில் நம் கவனத்துக்குரியது சரிதா என்னும் சிற்றூர். அயோத்தியா மலையடிவாரத்தில், பாக்முண்டி வட்டாரத்தில் அது அமைந்துள்ளது. அங்கே சூத்திரதர் குடும்பங்கள் வரிசையாக வாழ்ந்து முகமூடி செய்கின்றன. பாக்முண்டி அரசரே இவர்களைப் பர்தமான் பகுதியிலிருந்து வரவழைத்தார் என்று அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்வர். முகமூடி செய்யும் முறையும் எளிதன்று. களிமண்ணால் முகத்தை வனைந்து, காயவைத்து, அதன்மேல் சாம்பல் தூவுவர். பசை தோய்த்த காகிதங்களை அடுக்கடுக்காக ஒட்டுவர். அதன்மேல் மெல்லிய மண்ணும் பழந்துணியும் சேர்த்து, மரக் கருவியால் தேய்த்து மெருகேற்றுவர். வெயிலில் காய்ந்தபின் அச்சிலிருந்து பிரித்து, வண்ணம் தீட்டி, மணியும் இறகும் சரிகையும் கொண்டு மகுடம் அமைப்பர்.

முன்னாளில் இவர்களுடைய முகமூடியை வாங்கியோர் ஆட்டக் குழுக்களே. குழு வாங்கினால் வேலை; இல்லையேல் இல்லை. அண்மைக் காலத்தில் நிலைமை மாறியுள்ளது. 2013-ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து தொடங்கிய கிராமியக் கைவினைத் திட்டத்தில் சரிதாவும் இடம்பெற்றது. 2018-ஆம் ஆண்டில் புருலியா சௌ முகமூடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுச் சுவரில் மாட்டும் சிறு முகமூடிகளைப் பயணிகள் வாங்கிச் செல்கின்றனர். கம்பீர் சிங் முராவின் சிலை நிற்கும் அவ்வூரில் கடைகள் பெருகின. நடனம் ஒன்று தன்னைச் சுற்றி ஒரு தொழிலை எவ்வாறு வளர்க்கும் என்பதற்குச் சரிதா நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் முகமூடிக் கடையின் செழிப்பை ஆட்டக்காரனின் செழிப்பாகக் கருதிவிடலாகாது. சுவரில் தொங்கும் முகமூடிக்கு முரசுக்காரர் தேவையில்லை. கலையின் ஓர் உறுப்பு வளர்ந்து மற்றோர் உறுப்பு தேய்ந்தால் அதனை அபிவிருத்தி என்று சொல்ல மாட்டோம். இதனை உணர்ந்தே 2014-ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசு 'லோக் பிரசார்' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவுபெற்ற நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் தொகையும், முதியோருக்கு ஓய்வூதியமும் அதன்வழி வழங்கப்பெற்றன. ஆட்டக்காரருக்கும் வாத்தியக்காரருக்கும் இவ்வுதவி உரித்தாயிற்று. தொகை சிறிது, எனினும் அது தனித்தனியே அவரவர் பெயரில் சேரும் பணம். அரண்மனைக் காலத்தில் முரசுக்காரருக்கு இத்தகைய தனி உரிமை இருந்ததில்லை.

மற்றொரு மாற்றமும் நம் மனத்தை மகிழ்விப்பது. ஆடவரே ஆடிவந்த புருலியாவில் இந்நூற்றாண்டில் பெண்கள் தனிக் குழுக்கள் அமைத்து ஆடத் தொடங்கினர். பல கிலோ எடையுள்ள முகமூடியை அணிந்து, வானில் எழும்பி முழந்தாளில் வந்து விழும் ஆட்டத்தை அவர்களும் ஆடுகின்றனர். பெண் குழுவின் பாய்னாவைப் பெண்ணே பேசுகிறாள் என்றால், நாட்டியத்தோடு கிராமத்தின் வழக்கமும் சேர்ந்து நகர்கிறது என்றே பொருள்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது நாம் அறிவது யாது? அரசர் ஆதரித்த குழு, அரசர் சென்றபின் நிலையத்தை நாடிற்று. ஊர் ஆதரித்த குழு, கடனில் உழன்றாலும் களத்தை விடவில்லை. ஆதரவு எங்கிருந்து வந்தாலும் வருக. ஆனால் முகமூடி வாங்கும் நிதியும், ஆட்ட காலத்தை வகுக்கும் உரிமையும், வருவாயைப் பங்கிடும் கணக்கும் கிராமத்தின் கையில் இருத்தல் வேண்டும். விதைப்பு நாள் எது என்று அறியாத அலுவலகம் ஆட்ட நாளைக் குறித்தால் இரண்டும் கெடும். முரசுக்காரரின் பங்கு கணக்கில் எழுதப்படாத குழுவில், நாளடைவில் முரசுக்காரரே இல்லாமற் போவார். முன்பணத்துக்கு ஒரு சிறு பொது நிதி இருக்குமாயின், வட்டிக்குப் போகும் பணம் வீட்டுக்குப் போகும். கிராம அபிவிருத்தி என்று நாம் பெரிதாகப் பேசுவது இத்தகைய சிறு ஏற்பாடுகளில் அடங்கியுள்ளது.

இக்கலை தமிழருக்கு அயலானது அன்றோ என்று சிலர் எண்ணலாம். ஜாம்ஷெட்பூரில் வாழும் நேயர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். நகரையடுத்து ஆலைகள் நிறைந்து விளங்கும் ஆதித்தியபூர், செரைகேலா மன்னர் ஆதித்திய பிரதாப சிங் தேவின் பெயரைத் தாங்கிய ஊர். அது செரைகேலா–கர்சாவான் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாம் வேலை செய்யும் மண்ணும் அவர்கள் ஆடும் மண்ணும் ஒன்றே. பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்தவர்களின் துயரமும் நமக்குத் தெரியும்; சொந்த ஊரின் திருவிழா நம்மை எவ்வாறு ஆண்டுக்கொருமுறை திரும்ப அழைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். புருலியாவின் உழவனுக்கும் வெளியூர்ப் பிழைப்பு உண்டு. சித்திரையில் ஊர் திரும்ப ஒரு காரணமும் உண்டு. அக்காரணம் சௌ.

ஆகவே, பங்குனி முடியும் நாளில் வாய்ப்புள்ளோர் செரைகேலாவுக்கோ பாரிபதாவுக்கோ புருலியாவின் ஒரு கிராமத்துக்கோ சென்று வருதல் நலம். நகர மேடையில் காணும் அரைமணி ஆட்டத்தைக் காட்டிலும், களத்தின் ஓரத்தில் பாயை விரித்து விடியும்வரை காணும் ஆட்டமே அக்கலையின் முழு உருவத்தை நமக்குக் காட்டும். முகமூடி வாங்க விரும்புவோர் அதனைச் செய்தவர் கையிலிருந்தே வாங்குக. நம்முடைய சங்க விழாக்களுக்குச் சௌ குழுவை அழைக்கும்போது முன்பணத்தைக் காலத்தில் அனுப்புக. முரசுக்காரர் அனைவரையும் உடன் அழைத்து வரச் சொல்லுக. வந்த ஊரின் கலைக்கு நாம் செய்யும் மரியாதை இவ்வாறு தொடங்கினாலே போதும்.